சின்ன கவுனின் பை

பாப்பாவின் அம்மாவுக்கு,

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உன் தலைசுற்றல் எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதே.

ஞாயிறு விடுமுறை. எங்கள் சலவைக்கூடத்து ஆட்கள் நாலு பேர் எஸ்கேப் ரூம் போனோம். சிரிக்காதே. ஓர் அறையில் நம்மைப் பூட்டிவிடுவார்கள். ஒளித்துவைத்த சாவியை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும்.

குழந்தையின் அறைபோல் ஜோடித்திருந்தார்கள். தரையெல்லாம் துணி. நாங்கள் சாவியைத் தேடாமல் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்துவிட்டோம்! "தொழில் புத்தி எங்க போகும்?" என்று இஸ்திரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நேரம் முடிந்ததும் கதவைத் திறந்த பெண், நான் மடித்துவைத்த கவுனின் பையிலிருந்தே சாவியை எடுத்துக் காட்டினாள்.

"துணிய எடுத்தா மொதல்ல பையப் பாருன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானேண்ணே!" என்று எல்லோரும் ஓட்டினார்கள்.

வாஸ்தவம்தான். தினம் நூறு பைக்குள் கைவிடுகிறவன். அந்தக் கவுன் பாப்பா அளவில் இருந்தது. அதற்குள் கைவிட மனம் வரவில்லை.

பாப்பா போய் எட்டு மாதமாகிறது, அவள் துணிகளைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கொடு. அதற்கு முன் ஒவ்வொரு பையாகப் பார்த்துவிடு. நான் கிளம்பிய அன்று விடமாட்டேன் என்று சட்டையைப் பிடித்து இழுத்தாளே, அப்போது பிய்ந்த பொத்தானைத் தன் பையில்தான் போட்டுக்கொண்டாள். கிடைத்தால் அனுப்பு. அந்தச் சட்டைக்கு நான் இன்னும் வேறு பொத்தான் தைக்கவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.

பாப்பாவின் அப்பா