நீர்யானையைப் பழைய பெயரில் கூப்பிட அனுமதி

அனுப்புநர்
நீர்யானைப் பராமரிப்பாளர் (பணியிடை நீக்கத்தில்),
ஊழியர் குடியிருப்பு, கடைசி வீடு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நகர உயிரியல் பூங்கா.

பொருள்: நகரச் சின்னமான நீர்யானை ஆறு நாளாகச் சாப்பிடாதது – பழைய பெயரில் கூப்பிட அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நீர்யானை பதினான்கு ஆண்டுகளுக்கு முன், முன்னாள் தலைவரின் பிறந்தநாளன்று பிறந்தது. அதற்குள் பாலம், பேருந்து நிலையம், விளையாட்டரங்கம், மீன் மார்க்கெட் எல்லாவற்றுக்கும் அன்னாரின் பெயர் வைத்தாகிவிட்டதால், மீதமிருந்த குட்டிக்கும் அதையே சூட்டி நகரச் சின்னமாக அறிவித்தார்கள். குட்டி பெண் என்பது மூன்று மாதம் கழித்தே தெரிந்தது. அரசாணை வெளிவந்துவிட்டபடியால் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பெயரை இம்மனுவில் நான் எழுதவில்லை. எழுதினால் இதையும் கோஷம் என்பார்கள்.

2. அன்று முதல் காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். குளத்தை விட்டு ஏறிக் கொட்டகைக்கு வரும். "வாயைத் திற" என்றால் திறக்கும். பல்லைப் பார்த்துவிட்டுத் தீவனம் வைப்பேன். தலைவர் பெயரோடு சேர்த்து இப்படிச் சொல்வது அவமரியாதை என்று அவருடைய கட்சியினர் அப்போதே புகார் செய்தார்கள். எனவே "ஐயா, கொஞ்சம் வாயைத் திறங்க" என்று மாற்றிக்கொண்டேன். இன்றுவரை ஐயா போடாமல் அது வாயைத் திறப்பதில்லை.

3. ஆட்சி மாறியது தாங்கள் அறிந்ததே. பாலத்தின் பெயரைப் பெயிண்ட் அடித்து மாற்றினார்கள். நீர்யானைக்கும் இந்நாள் தலைவரின் பெயரைச் சூட்டிப் பலகை வைத்தார்கள். அவர்மீதும் வழக்கு இருந்தது, இவர்மீதும் இருக்கிறது. அது நீதிமன்றத்தின் பாடு. நீர்யானைக்குப் பலகை படிக்கத் தெரியாது என்பதுதான் என் பாடு. நான்கு நாள் புதுப் பெயரைத் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். காதை மட்டும் ஆட்டிவிட்டு முங்கிக்கொண்டது. மேற்பார்வையாளர், "விடாம கூப்பிடுய்யா, நாமெல்லாம் பழகிக்கலையா" என்றார். விசிலடித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் விசிலடிக்கக் கூடாது என்றார்.

4. ஐந்தாம் நாள் மனசு கேட்கவில்லை. பழைய பெயரை உரக்கக் கூப்பிட்டேன். ஓடி வந்தது. ஒரு வண்டிப் புல்லை நின்ற இடத்திலேயே காலி செய்தது. அந்நேரம் புதுப் பலகைக்கு மாலை போட வந்திருந்த இளைஞர் அணியினர், நான் சீருடையில் எதிர்க்கட்சித் தலைவரை வாழ்த்திக் கோஷமிட்டதாகவும், அரசுச் சொத்தான நீர்யானை அதை ஆதரித்து வாயைத் திறந்ததாகவும் எழுதிக் கொடுத்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பழைய கட்சியினர் வீடு தேடி வந்து எனக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே பணியிடை நீக்க உத்தரவு வந்தது. அந்தப் படம்தான் சான்றாம்.

5. அதற்குப் பிறகு இந்த ஆறு நாளாக என் இடத்தில், குளத்துக்குத் தண்ணீர் மோட்டார் போடும் அண்ணன் நிற்கிறார். அவர் பயத்தில் புதுப் பெயரைக்கூடச் சொல்வதில்லை, தலைவரின் பட்டங்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். தவிடு புளித்துக் கிடக்கிறது. "ஊர்ல எல்லாரும் ஒரே ராத்திரியில கட்சி மாறிட்டாங்க, உங்க நீர்யானைக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் இல்ல" என்கிறாள் என் மனைவி. சிரித்தேன். ஆனால் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று சுற்றுச்சுவருக்கு வெளியே போய் நின்றேன். வாசனை தெரிந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை. பதினான்கு வருடத்தில் அவளைப் பார்த்தும் கூப்பிடாமல் நின்றது நேற்றுதான், ஐயா.

வேலையைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. பலகையில் யார் பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். சீருடை இல்லாமல், பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு, நாளுக்கு இரண்டு முறை, தாழ்ந்த குரலில், யாரையும் வாழ்த்தாமல் அப்பெயரை ஒரு தடவை சொல்ல மட்டும் உத்தரவு தாருங்கள். விசாரணையைப் பிறகு சாவகாசமாக நடத்தலாம். பசி அதுவரை பொறுக்காது.

அந்தத் தலைவர்மீது எனக்குப் பற்று என்று தயவுசெய்து சந்தேகிக்க வேண்டாம். எங்கள் தெருக் குழாய்க்காக அவர் ஆட்சியில் ஒன்பது மனு கொடுத்தவன் நான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு எனக்காக வந்து நின்றது இந்த நீர்யானை ஒன்றுதான்.

இப்படிக்கு,
தங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
நீர்யானைப் பராமரிப்பாளர்
(ஒப்பம்)

இடம்: குளத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே
தேதி: அவள் சாப்பிடாத ஆறாம் நாள்