கூடத்தில் ஏறாத விளக்கு

கைப்பிங்,
12 ஜனவரி 2019

அருமை மகள் மன்யீக்கு,

அப்பா சுங்லாம் எழுதுவது. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவனைத் திட்டி என்ன லாபம்? நீ போனை எடுப்பதில்லை. அதனால் கூட்டு ரோட்டில் கால் கடுக்க நின்று, உங்கள் பஸ் ஓட்டும் போவின் கையில் இதைத் திணிக்கிறேன்.

நாலு வாரமாக உன் சனிக்கிழமைச் சுற்றுலா பஸ் நம் ஊருக்குள் திரும்பாமல் பக்கத்து ஊருக்குப் போகிறது. அங்கே என்ன பாரம்பரியத்தைக் கண்டாய்? அவர்களுடைய காவல் கோபுரத்துக்குப் போன வருஷம்தான் ரோஸ் நிறப் பெயிண்ட் அடித்தார்கள். நம் கோபுரத்துச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் இங்கே காவல் காக்கிறேன். எதைக் காக்கிறீர்கள் என்று உன் அம்மா கேட்கிறாள்.

உன் கோபம் தெரிகிறது. கொள்ளைக்காரருக்குப் பயந்து கட்டியது என்று நீ வழிகாட்டியாக நின்று சுற்றுலா விருந்தாளிகளுக்குச் சொல்லும்போது நான் குறுக்கே புகுந்து, "கொள்ளைக்காரனாவது ஒண்ணாவது! எதிர்வீட்டுக்காரன் வயிறெரியணும்னு எங்க பெரிய தாத்தா கட்டினது" என்றது தப்புதான். ஆனால் நிஜம்.

அடுத்த வாரம் வண்டியைத் திருப்பு. அம்மா உப்பு வாத்து காயப்போட்டிருக்கிறாள்.

அன்புள்ள அப்பா

குவாங்சோ,
19 ஜனவரி 2019

அப்பாவுக்கு,

கோபுரத்துக்காக யார் கோபித்தார்கள்? அந்த வயிற்றெரிச்சல் கதையை இப்போது நானே எல்லா ஊரிலும் சொல்கிறேன். நன்றாக எடுபடுகிறது.

நீங்கள் மறந்தது அதற்கு அடுத்த பத்து நிமிஷம். மூதாதையர் கூடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்: ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் வருஷத்தின் முதல் மாதத்தில் அவன் பெயர் எழுதிய காகித விளக்கை உத்தரத்தில் ஏற்றுவார்கள், அப்போதுதான் அவன் குலத்தில் சேர்ந்தான் என்று கணக்கு. ஷாங்காய்க்கார அம்மாள் ஒருத்தி, "உனக்கு எப்போ ஏத்தினாங்க?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள், "இவளுக்கா? எண்ணெய் விக்கிற விலையில பொண்ணுங்களுக்கெல்லாம் யாரும்மா ஏத்துவாங்க?" என்றீர்கள். இருபத்திரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குத்தானே சம்பளம்.

எனக்கு விளக்கு ஏற்றவில்லை என்பது முப்பத்திரண்டு வருஷமாகத் தெரிந்ததுதான். ஆனாலும் சனிக்கிழமைதோறும் அந்த உத்தரத்துக்குக் கீழே நின்று, எவ்வளவு அழகான வழக்கம் பாருங்கள் என்று சொல்ல இனி என்னால் ஆகாது. பாதையை மாற்றச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச்சிலிருந்து பக்கத்து ஊர்தான், நிரந்தரமாக. வாத்தை நீங்களே சாப்பிடுங்கள்.

மன்யீ

கைப்பிங்,
16 பிப்ரவரி 2019

அருமை மகளுக்கு,

நம் சீனப் புதுவருஷத்துக்கும் நீ வரவில்லை. உன் கடிதத்தை அம்மா படித்துவிட்டாள். அன்றிலிருந்து என் சோற்றுக் கிண்ணத்தை மேஜையில் வைக்கும் சத்தமே வேறு.

முந்தாநாள், நம் சந்திரக் கணக்குப்படி முதல் மாதம் பத்தாம் நாள், கூடத்தில் உன் பெயருக்கு விளக்கு ஏற்றினேன். எழுத ஒரு வரிதான் ஆகிறது, ஏற்றப் பட்ட பாடு வேறு. கூடத்துப் பொறுப்பைப் பார்க்கும் ஆறாம் பெரியப்பாவிடம் அனுமதி கேட்கப் போனபோது, "ஏன்டா, உனக்கு எப்போடா ஆம்பளப் புள்ள பொறந்துச்சு?" என்றார்.

"பொண்ணு, பெரியப்பா. பொறந்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு."

"இத்தனை நாள் என்னடா பண்ணினே?"

"மடையனா இருந்தேன்."

அதற்கு மட்டும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. மற்றதற்கெல்லாம் மூன்று நாள் மறுப்புச் சொன்னார். கடைசியில் ஏணியைப் பிடித்ததும் அவர்தான். பிடித்துக்கொண்டே திட்டினார்.

விளக்கில் நம் வீட்டுப் பெயரைப் பார்த்தவர்கள் கீழே இருந்த உன் பெயரைப் படிக்கவில்லை. நேற்றுக் காலை வாசலில் நாலு பெண்கள், இஞ்சியும் வினிகரும் போட்டு வேகவைத்த பன்றிக்கால் பானைகளோடு. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதாம். "அக்கா படுத்திருக்காங்களா? கொழந்த அழுற சத்தமே காணோமே?" என்கிறார்கள். உன் அம்மாவுக்கு அறுபத்தொன்று. துடைப்பத்தோடு வெளியே வந்தாள். அடி எனக்கு. பானைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நீ பிறந்த வருஷம் கூடத்தில் மூன்று விளக்கு ஏறியது. மூன்றுக்கும் நான் ஏணி பிடித்தேன். "உன்னுது எங்கடா?" என்று கேட்டார்கள். அன்றைக்கும் சிரித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை, மகளே.

வழக்கப்படி உன் விளக்கை இன்னும் மூன்று நாளில் இறக்க வேண்டும். வேண்டுமானால் நீங்களே ஏறி இறக்குங்கள் என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு முழங்கால் வலி.

உன் அப்பா

குவாங்சோ,
20 பிப்ரவரி 2019

அப்பாவுக்கு,

சனிக்கிழமை பத்தரைக்கு வருகிறோம். பதினெட்டு பேர். கோபுரத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கதை இப்போது என்னுடையது. பன்றிக்கால் மிச்சம் இருந்தால் எனக்கு வைக்கச் சொல்லுங்கள்.

கூடத்தில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. யாராவது மேலே பார்த்து, அது யார் பெயர் என்று கேட்பார்கள். நீங்களே சொல்லுங்கள்.

சிரிக்காமல்.

மன்யீ