ஏழாவது தட்டில் வந்த ஈரல்

செப்டம்பர் 5, வியாழன்

தண்ணீர் வற்றிய நீச்சல் குளத்துக்குள் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏணி வழியாகத்தான் இறங்க வேண்டும். ஆழம் குறைந்த பக்கம் சாலட், ஆழமான பக்கம் இறைச்சி. பரிமாறுகிறவர்கள் கழுத்தில் எல்லாம் விசில். சூப் ஆறிப்போயிருக்கிறது என்றேன். பரிமாறிய பெண் விசிலை ஊதினாள். எதற்கு ஊதினாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. அல்மாட்டியில் இப்போதெல்லாம் மேஜை, நாற்காலி, தரை மூன்றும் ஒழுங்காக இருக்கும் கடையில் சாப்பிட்டால் ஊர் நம்மைப் பரிதாபமாகப் பார்க்கிறது.

எர்மெக் ஏணியில் இறங்கும்போது அவருடைய முழங்கால் சத்தம் போட்டது. "ஷோல்பான், அடுத்த வாரமாவது தரைமட்டத்துல இருக்கிற கடையா பாரேன்" என்றார். பல் டாக்டர். முப்பது வருடமாக ஊரார் வாய்க்குள் கைவிடுகிறவர், என் வாய்க்கு மட்டும் பயப்படுகிறார்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு வியாழனும் இப்படித்தான். கடையை நான் தேர்ந்தெடுப்பேன். அவர் கூட வந்து சாப்பிடுவார். ஆள் இரண்டானால் தட்டு நான்கு ருசி பார்க்கலாம். அப்புறம் நான் இணையதளத்தில் அந்தக் கடையைக் கிழித்துத் தொங்கவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் வீடு அவருக்கு, என் வீடு எனக்கு. ஐம்பத்தொரு வயதில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்குமா? முதல் கல்யாணத்தில் பதினொரு வருடம் புருஷன் வீட்டுக் கூட்டத்துக்குத் தேநீர் ஊற்றினேன். விவாகரத்து வாங்கிய அன்று முதல் வேலையாக அந்தத் தேநீர்க் குடுவையைத்தான் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

இந்த வியாழன் எர்மெக்கின் பிறந்தநாள். அவருடைய அக்கா குல்யாஷும் வருகிறாராம். "அவளே கேட்டா, வராதேன்னா சொல்ல முடியும்?" அறுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், தம்பி விஷயத்தில் இன்னும் ஓய்வு பெறவில்லை. சரி, நானும் என் மகன் டௌரெனைக் கூப்பிட்டுவிட்டேன். நமக்கும் ஓர் ஆள் பலம் வேண்டாமா?

செப்டம்பர் 12, வியாழன்

ஐயோ. ஐயோ. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கடையின் பெயர் 'வெறும் புல்வெளி'. சுவரெல்லாம் கம்பளிப் பாய், தட்டுக்குப் பதில் ஆற்றுக் கல், நாற்காலிக்குப் பதில் மரக்கட்டைமேல் குதிரைச் சேணம். குல்யாஷ் அக்கா சேணத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். "தம்பி, பொறந்தநாளுக்குக் கூப்பிட்டியா, பந்தயத்துக்குக் கூப்பிட்டியா?" என்றார். ஆனாலும் ஏறி உட்கார்ந்துவிட்டார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல். டௌரென் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

ஒன்பது தட்டு. சமையல்காரர் என்ன நினைக்கிறாரோ அது வரும், பெயர் சொல்ல மாட்டார்களாம். ஏழாவது கல்லில் பழுப்பாக ஒரு குழைவு, மேலே வெள்ளையாக நுரை. நான்தான் முதலில் எடுத்து வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பெரிய நிபுணர் மாதிரி, "புகை இருக்கு, கொத்தமல்லி விதை இருக்கு, கொஞ்சம் புளிப்பு... பிரமாதம்! எல்லாரும் சாப்பிடுங்க" என்றேன். நானே சொன்னேன்! டௌரென் சாப்பிட்டான். எர்மெக் கல்லை வழித்தே சாப்பிட்டார்.

குல்யாஷ் அக்கா ஒரு வாய் வைத்தார். மென்றார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது ஆட்டு ஈரல். மேல இருக்கிறது வால் கொழுப்பு."

டௌரென் தன் காலிக் கல்லைப் பார்த்தான்.

"குய்ரிக் பவுர்" என்றார், கரும்பலகையில் விடையை எழுதி அடிக்கோடு போடுகிற மாதிரி.

கஜகஸ்தானில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஈரலையும் வால் கொழுப்பையும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்குமேல் பின்வாங்கினால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பிள்ளை வீட்டுக்கு மூத்தவர் எதிரே இருக்கிறார். பெண் வீடு என்று சொல்ல என் மகன் இருக்கிறான். இரண்டு வீடும் விழுங்கியாயிற்று.

"பதினெட்டு வருஷமா சாப்பாட்டைப் பத்தி எழுதுறே" என்றார் குல்யாஷ் அக்கா. "வாயில போனது என்னன்னு தெரியலையா உனக்கு?"

தெரியவில்லை! கொத்தமல்லி விதை தெரிந்தது, ஈரல் தெரியவில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டேன். மீசையை மெழுகு போட்டு முறுக்கிய பையன். "மரபை உடைச்சுப் பார்க்கிறோம்" என்றான். உன் மீசையை உடைக்க.

எர்மெக் என்ன செய்தார்? சிரித்தார். காது வரை சிவந்துபோய், கல்லைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் குல்யாஷ் அக்கா வந்தார். கையில் சின்னப் பெட்டி. உள்ளே தங்கத் தோடு. எர்மெக்கின் அம்மாவுடையது. "இப்பவே போட்டுக்கச் சொல்லலை. கண்ணுல படுற இடத்துல வை" என்றார்.

தேநீர் ஊற்றினேன். விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும்; பழக்கம் விட்டுப்போய், விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். அவர் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்டி, சீக்கிரம் குடிச்சிட்டுக் கிளம்புங்கறியா?" பாதியைத் திருப்பி ஊற்றினேன். ஐம்பத்தொரு வயதில், என் சொந்த அடுப்படியில், புது மருமகள் மாதிரி குட்டு வாங்குகிறேன். எனக்கு ஏன் இந்தத் தண்டனை?

அவர் நான்கு கிண்ணம் குடித்தார். நான்கும் அரைக் கிண்ணம்.

செப்டம்பர் 16, திங்கள்

கட்டுரை அனுப்பிவிட்டேன். கோபத்தில் எழுதினால் எனக்கு நன்றாக வரும். கடைசிப் பத்தி: 'அந்த நுரையைக் காட்டி ஒரு கிழட்டுப் பல் டாக்டரின் அக்கா என்னைப் பிடித்து மருமகளாக்கப் பார்த்தார். அன்பான வாசகர்களே, கல்யாணம் பண்ணிக்கொள்ளும் அளவுக்கு அதில் உப்புகூட இல்லை.'

செப்டம்பர் 17, செவ்வாய்

நாற்பதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்து, "ஈரல் வேணுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

செப்டம்பர் 19, வியாழன்

எர்மெக்கிடமிருந்து செய்தி: 'இன்று வேலை அதிகம். நீ போய் வா.' இரண்டு வருடத்தில் முதல் முறை.

போனேன். இருக்கைக்குப் பதில் ஊஞ்சல் போட்ட கடை. தனியாக உட்கார்ந்தால் ஊஞ்சல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஒரு தட்டுதான் கேட்க முடிந்தது. நூடுல்ஸை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் ஊஞ்சல் பின்னால் போகிறது. எதிரே இருந்து கிண்டல் செய்ய ஆளில்லாமல் இந்தக் கூத்தையெல்லாம் எப்படிச் சகிப்பது?

செப்டம்பர் 21, சனி

வந்தார். உள்ளே வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்காகிட்ட சொல்லிட்டேன். நுரை கணக்குல வராது, தெரியாம சாப்பிட்டதும் கணக்குல வராது. தோட்டைக் குடுத்துடு, நான் கொண்டு போய் வச்சிடறேன்."

"கட்டுரையைப் படிச்சீங்களா?"

"நல்லா எழுதியிருக்கே. எங்க நர்ஸ் சத்தமா படிச்சுக் காட்டினா, நோயாளிக்கும் சேர்த்து."

எனக்கு என்னமோ ஆகிவிட்டது. மன்னிப்புதானே கேட்டிருக்க வேண்டும்? கேட்கவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "உனக்கு விடுதலை, ஷோல்பான்" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

விடுதலையாம்! யாரு கேட்டா உன்கிட்ட விடுதலையை? ஒரு வார்த்தை சண்டை போட்டா என்ன? 'தின்னவ நீதானே'ன்னு கேட்டா என்ன? அவ்வளவு லேசா விட்டுட்டுப் போற மனுஷன் எதுக்கு அன்னிக்கு அப்படிச் சிரிக்கணும்?

செப்டம்பர் 24, செவ்வாய்

டௌரென் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒரு எலுமிச்சை, ஒரு கடுகுப் பாட்டில்.

"அம்மா, உனக்கு என்னதான் வேணும்?"

"வெண்ணெய் தீர்ந்துபோச்சு."

"நான் அதைக் கேக்கலை."

தெரியும் அவன் எதைக் கேட்டான் என்று. ஊரில் உள்ள சட்டிகளுக்கெல்லாம் தீர்ப்பு எழுதுகிறவளுக்குத் தன் மனதில் என்ன வெந்துகொண்டிருக்கிறது என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். எழுதியே விடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்: அவர் வேண்டும். எனக்கு எர்மெக் வேண்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

காலையில் பச்சைச் சந்தையில் ஈரலும் வால் கொழுப்பும் கேட்டேன். கசாப்புக்காரர், "எத்தனை பேருக்கு?" என்றார். நான்கு பேருக்கு என்றதும், "சம்பந்தமா?" என்று கேட்டு, வால் கொழுப்பில் நல்ல துண்டாகத் தேடி எடுத்தார். அவருக்குத் தெரிகிறது பாருங்கள், பார்த்த மாத்திரத்தில்.

ஈரலை முதல் தடவை ரப்பராக்கிவிட்டேன். திரும்பப் போய் வாங்கினேன். இரண்டாவது தேறியது. நுரை கிடையாது, புகை கிடையாது. மெல்லியதாக நறுக்கி, ஒரு துண்டு ஈரல், ஒரு துண்டு கொழுப்பு என்று அடுக்கி, மேலே உப்புப் போட்ட தயிர். டௌரெனை வேலையிலிருந்து பாதி நாள் விடுப்பு எடுக்க வைத்தேன். பெண் வீட்டார் இல்லாமல் எப்படிப் போவது?

குல்யாஷ் அக்காவின் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்தார்.

"படிச்சேன்டி. கண்ணாடி போட்டு ரெண்டு தடவை படிச்சேன்."

"மன்னிச்சிடுங்க, அக்கா. அந்த வார்த்தை எழுதியிருக்கக் கூடாது. அவரைப் பத்தியும், உங்களைப் பத்தியும்."

கதவை விட்டு விலகி வழி விட்டார். உள்ளே எர்மெக் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமைகளில் இப்போது இங்கேதான் சாப்பிடுகிறாராம். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஏனோ மறுபடி உட்கார்ந்தார்.

இதைக் கையால்தான் ஊட்ட வேண்டும். ஒரு துண்டை எடுத்து குல்யாஷ் அக்காவின் வாயருகே கொண்டுபோனேன். உதடு மூடியே இருந்தது. தயிர் என் மணிக்கட்டில் வழிந்தது.

"இது என்ன? சொல்லு."

"குய்ரிக் பவுர், அக்கா."

"தெரிஞ்சுதான் குடுக்கிறியா?"

"தெரிஞ்சுதான்."

வாயைத் திறந்தார். நிதானமாக, மிக நிதானமாக மென்றார். பிறகு தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் வாயில் திணித்தார், மூக்கிலும் கன்னத்திலும் தயிர் அப்பும்படி. அதுவும் வழக்கம்தான், ஆனாலும் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக அப்பினார். டௌரென் சத்தம் போட்டுச் சிரித்தான்.

எர்மெக்கிடம் போனேன். அடுத்த துண்டை எடுத்து நீட்டினேன்.

"நான் கிழட்டுப் பல் டாக்டர்" என்றார்.

"ஆமா. வாயைத் திறங்க."

அக்டோபர் 4, வெள்ளி

நேற்று டிராலிபஸ்ஸுக்குள் நடக்கும் கடை. குல்யாஷ் அக்காவும் வந்தார். பரிமாறுகிறவள் நடத்துநர் வேஷத்தில் டிக்கெட் கேட்டதும், முதியோர் அட்டையை எடுத்து நீட்டிவிட்டார். கட்டுரையை இன்று மதியமே அனுப்பிவிட்டேன், வழக்கமான காரத்தோடு.

காலையில் குளியலறைக்குப் போனால் என் பல் துலக்கும் பிரஷ்ஷைக் காணவில்லை. எர்மெக் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கோப்பையில் புதிதாக இரண்டு வைத்திருக்கிறார். "அது பிரஷ் இல்ல, தொடப்பம்" என்கிறார். என்னைக் கேட்காமல் என் பொருளை எப்படித் தூக்கிப் போடலாம் என்று அரை மணி நேரம் கத்தினேன். அவர் வாயில் நுரையோடு, வெறுங்காலோடு, குளியலறை வாசலிலேயே நின்று முழுதாகக் கேட்டார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, அவரும் பதிலுக்குக் கத்த ஆரம்பித்தார்.