உள்ளங்கையில் அடங்கிய உல்லன் நிக்கர்

மைனி,

இன்று காலை மதுரையிலிருந்து வந்த உல்லன் நூல் மூட்டையைப் பிரித்தேன். வழியில் மழை பிடித்திருக்கிறது. பிரித்ததும் நனைந்த ஆட்டு வாடை கடை முழுக்க அடித்தது. கணக்குப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் முகத்தை மூட்டைக்குள் கொண்டுபோனேன். மழைக்காலத்தில் உங்கள் மடியில் அடிக்கும் வாடை அது.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா கடையேறி வந்தார். மகளுக்கு நிறைமாதமாம். மருமகனுக்குக் குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. பிள்ளையின் இடுப்புத் துணிக்கு மேல் போடுகிற கம்பளி நிக்கர், ஈரம் படுக்கைக்கு இறங்காமல் தடுக்குமே, அது வேண்டும் என்றார். "பிள்ள பொறந்த பெறகு ஆள் அனுப்புதேன். அதுக்கு முன்ன வாங்கப்பிடாதுல்லா? ஒன்னு பின்ன எம்புட்டு நாளாவும், அக்கா?"

எதைக் கேட்டாலும் நாக்கு நுனியில் பதில் வைத்திருப்பவள் நான். இதற்கு மட்டும் "நாளைக்கு வாங்க, சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். அண்ணன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றும் தோணியில் போய்வந்துகொண்டிருந்தார். நீங்களும் நானும் ஒரே வீட்டில். எனக்குக் கடை கிடையாது. துணி மூட்டையைத் தோளில் போட்டு ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தேன். கொடைக்கானலில் ஒரு கடைக்காரர் பழைய நிக்கர் ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி கிடைக்குமா என்றார். நீங்கள் கன்னியாஸ்திரிகளிடம் பின்னல் படித்தவர். அதை முழுக்கப் பிரித்துப் பார்த்தீர்கள். நான் தலையில் கைவைத்தேன். அதே நூலில் அப்படியே திரும்பப் பின்னிக் கொடுத்தீர்கள்.

"எத்தன நாளாவும்னு கேக்காரு மைனி."

"தோணி கொழும்பு போயிட்டு வாரதுக்குள்ள ஒன்னு முடிஞ்சிரும்னு சொல்லு."

"மலையில இருக்கவருக்குத் தோணி கணக்கு தெரியுமா?"

"தெரியலன்னா கீழ எறங்கி வந்து பாக்கச் சொல்லு."

அண்ணன் கடலில் இருக்கும்போதுதான் உங்களுக்குக் கை ஓடும். அவர் கரையேறினால் ஊசி பரணுக்குப் போய்விடும். அதனால் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நீங்கள் பின்னினீர்கள், நான் விற்றேன். விற்றவள் பெயர்தான் இன்று கடைப் பலகையில் இருக்கிறது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நீங்கள் உண்டானீர்கள். வீட்டுக் கொடியில் ஊரார் பிள்ளைகளின் நிக்கர்கள் தொங்கின. நான் நல்ல மெதுவான வெள்ளை நூல் கொண்டுவந்து, நம் பிள்ளைக்கும் ஒன்று போடச் சொன்னேன். "பொறக்கும் முன்ன அந்தப் பிள்ளைக்குன்னு புதுசு வீட்டுக்குள்ள இருக்கப்பிடாதுளா. உங்க அண்ணன் இடுப்புல கட்டுன பழைய சாரம் கெடக்கு. அதக் கிழிச்சா போதும்" என்றீர்கள். நம் தெருவில் யாரும் அதை மீறியதில்லை. நானும் நூலைப் பரண் மேலே போட்டுவிட்டேன்.

பிள்ளை சொன்ன மாதத்துக்கு முன்பே, கார்த்திகை மழையில் பிறந்தான். காற்று அடங்காமல் தோணி கொழும்பிலேயே கிடந்தது. "சூடு விட்டுராதீங்க, நனைஞ்சா உடனே மாத்துங்க" என்று நர்ஸம்மா சொல்லிச் சொல்லி அனுப்பினார். கடற்காற்றில் எந்தத் துணி காய்ந்தது? கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தினேன். ஒவ்வொரு முறை நனையும்போதும் அவன் பாதம் நீலம் பாரித்தது.

கொடைக்கானலுக்குக் கட்டி வைத்திருந்த பொட்டலத்தை அறுத்து ஒரு நிக்கரை மாட்டினேன். கக்கம் வரைக்கும் ஏறியது. "ஏளா, கோதுமைச் சாக்குல எலி விழுந்தாப்புல இருக்காம்லா!" என்று சிரித்தீர்கள். அந்த நாட்களில் நீங்கள் சிரித்தது அது ஒன்றுதான். கால் வழியே சில்லென்று காற்றுப் போனது. பிறகுதான் வெள்ளை நூலைக் கேட்டீர்கள். இருந்த ஊசிகள் அந்தச் சின்ன அளவுக்கு ஆகாது. சைக்கிள் கடையில் இரண்டு சக்கரக் கம்பியைக் கூராகத் தேய்த்து வாங்கிவந்தேன்.

நெஞ்சோடு வைத்திருந்தால்தான் அவனுக்குச் சூடு. அவனை வைத்திருந்தால் உங்களுக்குக் கை இல்லை. நான் வாங்கிக்கொண்டால் சிணுங்குவான். "பொறுலே ராசா, இந்த ஒரு வரி முடிச்சிட்டு வாரேன்" என்பீர்கள். அந்த வரி முடியாது. ஊசியைப் போட்டுவிட்டுக் கை நீட்டுவீர்கள். இடுப்பு முடிந்தது. ஒரு கால் முடிந்தது. மறு காலுக்கு ஊசியில் கண்ணி எடுத்திருந்தீர்கள்.

அன்று மத்தியானம் அவனுக்கு மூச்சு இழுத்தது. சாமியாருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. நானே தலையில் தண்ணீர் ஊற்றி, எங்கள் அப்பா பெயரை அவனுக்கு வைத்து ஞானஸ்நானம் கொடுத்தேன். தண்ணீர் காதோரம் வழிந்தது. துடைத்தேன், குளிருமே என்று. கொஞ்ச நேரத்தில் துடைக்கத் தேவையில்லாமல் போயிற்று. பழைய சாரத்திலேயே பொதிந்து கொண்டுபோனார்கள்.

நான் ஊசியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். கல்லறைக்குப் போனவர்கள் திரும்பியதும் நீங்கள் கேட்டீர்கள்.

"ஏளா, ஊசி எங்க?"

"எதுக்கு மைனி இப்ப?"

"உங்க அண்ணன் வருவாக. பிள்ள எம்புட்டு இருந்தாம்னு கேப்பாக. நான் கையக் காட்டி அளவு சொல்லமாட்டேன்."

எடுத்துக் கொடுத்தேன். இப்போது உங்கள் கை இரண்டும் சும்மாதான் இருந்தன. ஆனாலும் வரி மெதுவாகத்தான் நகர்ந்தது. நாடா கோர்த்து நீங்கள் முடிச்சுப் போட்டதற்கும் தோணி கரை பிடித்ததற்கும் சரியாக இருந்தது.

அண்ணனுக்குத் துறைமுகத்திலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொழும்பு சோப்புப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றார். நீங்கள் எழுந்துபோய் அவர் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தீர்கள். விரலுக்கு வெளியே ஒரு இழைகூட வரவில்லை.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

அவர் கையை மடக்கவே இல்லை.

அதற்குப் பிறகு உங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகளுக்குக் கடைசிவரை பின்னினீர்கள். போன மாதம் கல்லறைக்குக் கொண்டுபோக உங்கள் பெட்டியை மூடும் முன், அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளை நிக்கரை எடுத்து உங்கள் கைக்குள் வைத்தார். அந்தச் சைக்கிள் கம்பி ஊசிகள் என்னிடம்தான் இருக்கின்றன.

நாளைக்கு அந்த அம்மாவிடம் நாள் கணக்குச் சொல்லப்போவதில்லை. பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று, இப்போதே தொடங்கப்போகிறேன். பிறக்கும் முன் ஆகாது என்பார். "உங்க வீட்டுக்குள்ள தானே இருக்கப்பிடாது? இங்கன என் கடையில இருக்கட்டும். பொறந்த அன்னைக்கு எடுத்துக்கிடுங்க" என்பேன். அந்தக் கார்த்திகையில் எனக்குக் கடை இல்லாமல் போயிற்றே, மைனி.

மழை விட்டிருக்கிறது. வெள்ளை நூலைக் காயப் போட்டிருக்கிறேன்.