படம் வைக்காத வீடு

சான் எலியாஸ், வஹாக்கா மலை
அக்டோபர் 29, புதன்கிழமை

அன்பு மகன் ஃபெர்மீனுக்கு,

உன் அம்மா எவுலாலியா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். வேலை தேடி வடக்கே எல்லையைத் தாண்டப் போவதாக நீ போன் செய்து ஆறு வருடம் நாலு மாதம் ஆகிறது. "ரெண்டு கேன் தண்ணி வாங்கிட்டேம்மா, கவலப்படாத" என்றாய். பாலைவனத்தில் நாலு நாள் நடக்க இரண்டு கேன் எப்படிப் போதும் என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாய். பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை இருக்கும் வழக்கம் உனக்கு எப்போதுமே கிடையாது. உங்களைக் கூட்டிப்போனவனின் எண்ணும் மறுநாளிலிருந்து வேலை செய்யவில்லை.

இங்கே மழை பரவாயில்லை. மேல்காட்டில் சோளம் நன்றாக வந்தது, அவரையைப் பூச்சி தின்றுவிட்டது. உன் நாய்க்குக் கண் தெரியவில்லை, என் காலிலேயே வந்து முட்டுகிறது. உன் அத்தை எர்மெலிந்தா முன்னைவிடப் பருத்திருக்கிறாள், முன்னைவிட அதிகம் பேசுகிறாள்.

ஊரெல்லாம் செண்டுமல்லி வாசனை. வீடு தேடி வரும் செத்தவர்களுக்குப் படமும் தண்ணீரும் வைக்க, வீட்டுக்கு வீடு பீடம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நம் வீட்டில் மட்டும் இந்த வருடமும் இல்லை. நீ கிளம்பிப் போன அந்த வருடமே உன் அத்தை உன் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணி, புள்ள தாகத்தோட வாசல்ல நிக்கிறான். படத்த வெச்சு ஒரு செம்பு தண்ணியாவது வைங்க. பெத்தவ வெக்கலன்னா வேற யாரு வெப்பா?" என்றாள். படத்தை வைத்தால் நானே உன்னைக் கொன்ற மாதிரி ஆகும். வைக்காமல் விட்டு, நீ நிஜமாகவே போயிருந்தால், சொந்த வீட்டு வாசலில் வறண்ட தொண்டையோடு நிற்பாய். நான் என்ன செய்வேன்? செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். மாவு மில்லுக்குப் பக்கத்துத் தகரக் கூரைச் சபைக்குள் போய் உட்கார்ந்தேன். அல்லேலூயாக்காரர்கள் என்று நாம் கேலி செய்வோமே, அவர்களிடம்தான். அங்கே செத்தவர்களுக்குப் படம் வைப்பதில்லை. அவர்கள் சொன்ன இயேசு எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த வெறும் சுவர்தான் வேண்டியிருந்தது.

அப்படித்தான் நான் சேர்ந்தேன், மகனே. ஒளிந்துகொள்ளப் போனவள் நான். ஞாயிறுதோறும் போனேன். "நம்புங்கக்கா, கண்டிப்பா வருவான்" என்று அங்குள்ள பெண்கள் சொன்னார்கள். ஆண்டவரோடு சந்தை வியாபாரம் போலப் பேரம் பேசினேன். திருவிழாவுக்குப் போவதை விட்டேன், மெஸ்கால் சாராயம் விற்பதை விட்டேன். நீ வரவில்லை. ஒரு வருடம் முழுக்கச் சபைக்கும் போகாமல், அவரோடு பேசாமலும் இருந்தேன். அப்போது எனக்குக் காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் படுத்தேன். சபைப் பெண்கள் முறைவைத்து வந்து மாவு அரைத்துக் கொடுத்தார்கள். ஏன் வரவில்லை என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. வெட்கப்பட்டுத் திரும்பப் போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் சமையற்கட்டில் தண்ணீர்ப் பானையின் மூடியை யாரோ நகர்த்தும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் மூடி வைத்தபடியே இருக்கும். நாய் அந்தப் பக்கம் பார்த்து வாலை ஆட்டும். சபையில் ஜெபித்தால் நின்றுவிடும் என்றார்கள். நிற்கவில்லை. ஒவ்வொரு மதியமும் ஓடினேன்.

போன பிப்ரவரியில் அபுந்தியோ வேதத்தை வாசித்தார். அவர் கொத்தனார். போதகர் வராத வாரங்களில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஒரு வேலைக்காரப் பெண்ணையும் அவள் பையனையும் பாலைவனத்தில் துரத்திவிட்ட கதை. தோல் பையில் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று தாய் அவனைப் புதருக்கடியில் விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கிறாள். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் சுவர் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போய், அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மா மொகத்தத் திருப்பிக்கிட்டு உக்காந்துட்டா. ஆனா பையன் கெடந்த எடத்துலயே அவன் அழுதது கடவுளுக்குக் கேட்டுச்சுக்கா. அப்புறம் அவளுக்குத் தண்ணி இருக்கிற எடத்தக் காட்டுனாரு." என் மகன் அழுததும் கேட்டிருக்குமா என்றேன். "கேட்டிருக்கும். உங்க மகன் பொழச்சானான்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்ச மாதிரி பேசறது பாவம்" என்றார்.

ஆறு வருடத்தில் என்னிடம் பொய் சொல்லாத முதல் ஆள் அவர்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான், அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். நான் பார்க்கப் பயந்த இடத்தில் ஆண்டவர் உன்னோடு இருந்தார் என்றால், நானும் திரும்பிப் பார்க்கலாம். இது எனக்கு ஒரே நாளில் விளங்கியதில்லை. பிப்ரவரியில் தொடங்கி, சோளம் விதைத்து, களை எடுத்து, கதிர் முற்றும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. இப்போதும் மதியம் மூடி நகர்கிறது. நான் ஓடுவதில்லை. "ஆண்டவரே, அவனுக்குத் தண்ணீர் கொடும்" என்று மட்டும் சொல்கிறேன்.

பாலைவனத்தில் கிடைக்கும் எலும்புகளுக்குச் சொந்தக்காரர்களைத் தேடும் குழு மூன்று தடவை நம் ஊருக்கு வந்தது. தாயின் இரத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்களாம். முதல் தடவை விளக்குமாற்றால் விரட்டினேன். செப்டம்பரில் நானே மூன்று மணி நேரம் பஸ்ஸில் அவர்களைத் தேடிப்போனேன். கூப்பிடாமலேயே உன் அத்தையும் ஏறிக்கொண்டாள். யெசேனியா என்ற பெண் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தாள். பிறகு கேள்விகள் கேட்டாள். எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்து இடது முழங்கை உடைந்ததையும், முன்பல் ஓரம் உடைந்திருப்பதையும், நீ போட்டுக்கொண்டு போன நீலச் சட்டையையும் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன், மகனே. திரும்பும்போது உன் அத்தை, "ஒரு செம்பு தண்ணி வெக்க மாட்டேன்னு ஆறு வருஷம் அடம்புடிச்சீங்க, இப்ப ரத்தத்தையே குடுத்துட்டு வர்றீங்க. உங்கள எங்கண்ணனாலயே புரிஞ்சுக்க முடியல, நா எந்த மூலைக்கு" என்று திட்டினாள். ஊர் வரும்வரை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

வரும் ஞாயிறு, நவம்பர் இரண்டு, எனக்கு ஆற்றில் ஞானஸ்நானம். அந்த நாளே வேண்டும் என்று நான்தான் கேட்டேன். செத்தவர்களை நினைக்கும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருக்க இனி எனக்கு மனமில்லை.

இந்தக் கடிதத்துக்கு விலாசம் இல்லை. யெசேனியா உன் பெயரில் திறந்திருக்கும் கோப்பில் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். உயிரோடு உன்னைக் கண்டுபிடித்தால் கையில் கொடுப்பாள். நீ வீட்டுக்கு வா, ஒன்றும் கேட்க மாட்டேன். வேறு விதமாகக் கண்டுபிடித்தால், உன் பக்கத்தில் நின்று இதைச் சத்தமாக வாசிப்பதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் குரல் மெல்லியது. இந்த ஒரு தடவையாவது, முடிக்கும்வரை இருந்து கேள், கண்ணே. நீ இருக்கிற இடத்திலேயே ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
உன் அம்மா
எவுலாலியா