கருவேலங்குச்சியும் கம்பளிச் சட்டையும்

சிகாகோ, நவம்பர் 1949

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உனக்கு உடம்பு தேறியதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன மாதம் இங்கே ஒரு கூத்து. பழைய மரத்தின் வயதைச் சொல்லும் எங்கள் மெஷினைச் சரிபார்க்கப் புது மரம் வேண்டுமென்றார் புரொபசர். நீ கட்டிக்கொடுத்த கருவேலம் பல்குச்சிகளைக் கொடுத்தேன். "இனி எதில் பல் விளக்குவாய்?" என்று சிரித்தார். எரித்துக் கரியாக்கி, அதிலிருந்து வரும் கதிர்த் துடிப்புகளை மெஷினில் எண்ணிப் பார்த்தோம். ஒடித்து ஒரு வருஷமான குச்சி, மெஷினுக்கு இன்னும் உயிரோடு நிற்கிற மரம்தான். செத்துச் சில நூறு வருஷம் போனால்தான் அதற்கு வித்தியாசம் தெரியும்.

மாமா காயிதம் நேற்றுத்தான் வந்தது. அதுவரை நானும் அந்த மெஷின்தான். நான் கப்பலேறிய பின் பிறந்த நம் மகள் இறந்துபோனது தெரியாமல், சனிக்கிழமை அவளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கினேன். "திருச்சுழி வெயிலுக்குக் கம்பளியா, கூறுகெட்ட மனுஷா" என்று நீ திட்டுவாய் என நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நான் கொடுக்க மாட்டேன்.

பல்குச்சி ஒரு கட்டு அனுப்பு.

இன்னொன்று. மாமா 'குழந்தை' என்றே எழுதியிருக்கிறார். ஞானஸ்நானத்தில் என்ன பேர் வைத்தீர்கள்? எனக்கு யாரும் எழுதவில்லை. தபாலுக்கு நேரமாகிவிட்டது. வேறொன்றும் எழுத முடியாவிட்டாலும் பேரை மட்டும் எழுது. சொல்லி அழ எனக்கு ஒரு பேர் வேண்டும்.

உன் ஞானராஜ்