யூட்டின் மோட்டச்சைக்கிளை முடித்த மாரி

அத்தான்,

இன்று காலை கச்சேரிக்கு வேலைக்குப் போகையில் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் யாரோ தங்கள் வீட்டுக் கேற்றுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள். நத்தார்ப் பண்டிகை வருகிறதல்லவா, மழை விட்ட இடைவெளிக்குள் முடித்துவிடும் அவசரம். தின்னர் மணம் ஈரக்காற்றோடு மூக்கில் ஏறியதும் என் கால் தானாகப் பிறேக்கை மிதித்தது. பின்னால் வந்த ஓட்டோக்காரன் ஏசிவிட்டுப் போனான். நான் ஓரத்தில் நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். ஃபோனை எடுத்து, யாராவது அழைத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டியவர்கள் எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த மணம் வந்தால் நான் ஃபோனைப் பார்ப்பேன். உங்கள் மகனின் மோட்டச்சைக்கிளோடு நாம் கிடந்த மாரிகாலத்தில் பிடித்த பழக்கம் அது.

யூட் அதை வாங்கிக்கொண்டு வந்த நாளில் நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது நினைவிருக்கிறது. உங்கள் இளந்தாரிக் காலத்து வடிவம், உள்ளே எல்லாம் புதுச் சாமான். உருண்டை ஹெட்லைற்றைத் துவாயால் துடைத்தபடி, "இப்பதான் மனிசர் ஓடுற சாமான் ஒண்டு வந்திருக்குது" என்றீர்கள். உப்புவெளி ஹோட்டலில் வேலை நின்று அவன் வீட்டில் இருந்த நாட்களில் அதைக் கழற்றத் தொடங்கியதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. மாரி முழுக்க வீட்டில் வைத்து மாற்றப்போகிறேன் மாமா என்று என்னிடம் சொல்லியிருந்தான். பின் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டை வெட்டிக் கட்டையாக்குவான். தட்டையான நீளச் சீற் போடுவான். சைலன்சரைப் பக்கவாட்டில் மேலே தூக்கி, அகலமான ஹான்டில் பூட்டி, மணலிலும் சேற்றிலும் ஓடவைப்பான். ஃபோனில் படம் படமாகக் காட்டினான். கொழும்பிலிருந்து பெட்டிகள் வந்து கராஜில் அடுக்கப்பட்டன.

கிறைன்டர் பிடித்து மட்காட்டை அவன் வெட்டிய பின்னேரம் நானும் அங்கே இருந்தேன்.

"நல்ல சாமானை வெட்டிப் பழுதாக்க உனக்கென்ன விசரே?" என்று கத்தினீர்கள்.

"என்ர பைக்தானே அப்பா."

"வேலை வெட்டி இல்லாதவனுக்கு இதொரு கேடு."

அவன் கிறைன்டரை நிலத்தில் வைத்தான். எழும்பி உள்ளே போனான். அடுத்த நாள் எங்கோ ரோட்டிலிருந்து அக்காவுக்கு அழைத்தான். "படகில போறன் அம்மா. போய்ச் சேர்ந்திட்டு எடுக்கிறன்" என்றான். எந்தக் கரையிலிருந்து, யாரோடு, எந்த நாட்டுக்கு என்று அக்கா கேட்பதற்குள் ஃபோன் நின்றுவிட்டது. கடல் அடங்கியிருந்த கடைசி நாட்கள் அவை. அந்த வாரமே மழை இறங்கியது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. அக்கா மாதா சுரூபத்துக்கு முன்னால் செபமாலையோடு இருந்தா. நீங்கள் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தீர்கள். நங்கூரம் போட்ட கப்பல்கள் மழைக்குள் மங்கலாகத் தெரியும். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது. கராஜில் சத்தம் கேட்டது. பெட்டிகளை உடைத்து, வெறும் எலும்பாய் நின்ற மோட்டச்சைக்கிளுக்கு முன்னால் குந்தியிருந்தீர்கள்.

"தம்பி, இந்தச் சீற் எப்பிடி இருக்கவேணுமெண்டு அவன் உனக்குப் படம் காட்டினவனெல்லோ?"

"ஓம் அத்தான்."

"அப்ப சொல்லு. முடிப்பம்."

துறைமுகத்தில் காலமெல்லாம் மின்சார வேலை பார்த்த மனிதர் நீங்கள். வயறிங் உங்கள் கைக்குத் தண்ணீர்பட்ட பாடு. மற்றவற்றை நாம் தட்டுத்தடுமாறித்தான் செய்தோம். நான் கச்சேரியில் கோவைக் கட்டுகளோடு வாழும் எழுதுவினைஞன், ஸ்பானர் பிடித்தே அறியாதவன். தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. கையைக் காட்டிக் கதைத்தோம். உங்கள் ஃபோன் மட்டும் எப்போதும் மேசையில், ஆணிகள் கிடந்த தகரப் பேணிக்குப் பக்கத்தில், முகம் மேலே பார்த்தபடி இருக்கும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அக்கா கராஜ் வாசலுக்கு வந்தா. உள்ளே கால் வைக்கவில்லை.

"விடுங்கோ அதை. அவன் வந்து முடிப்பான்."

"வரேக்கை முடிஞ்சிருக்கட்டும்."

"நீங்கள் முடிச்சா, அவன் இனி வரான் எண்டு நீங்களே முடிவெடுத்த மாதிரி. உங்களுக்கு அது விளங்கேல்லையே?"

நீங்கள் ஸ்பானரைப் பார்த்தபடி, "எனக்கு இதை இப்பிடிப் பாக்க ஏலாது" என்றீர்கள். அக்கா போய்விட்டா. அன்றிலிருந்து நீங்கள் இருவரும் ஒரே வீட்டில் சாப்பாட்டுக்கு மட்டும் பேசிக்கொண்டீர்கள். தேத்தண்ணியை அக்கா வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவா. நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். அவ சொல்வதும் எனக்குச் சரியாகப் பட்டது, நீங்கள் செய்வதும் சரியாகப் பட்டது.

பிறகு திரியாயிலிருந்து அந்த அழைப்பு வந்தது. உங்களோடு துறைமுகத்தில் வேலை செய்து, ஓய்வுக்குப் பிறகு அங்கே வயல் பார்க்கும் சிநேகிதர். ஒரு சனிக்கிழமைக் காலை. நீங்கள் கேட்டுக்கொண்டேயிருந்தீர்கள், உங்கள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. வைத்த பிறகுதான் சொன்னீர்கள், கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது, இளம்பிள்ளை, பொலிசுக்குச் சொல்லியாயிற்று என்று.

என் மோட்டச்சைக்கிளில் போனோம். அந்த வழி முழுக்க உங்கள் கை என் தோளைப் பிடித்திருந்த பிடி இன்னும் எனக்குத் தெரியும். சாம்பல்தீவுப் பாலத்தில் ஏறும்போது, "நிப்பாட்டு" என்றீர்கள். இறங்கி, பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மழை முகத்தில் அடித்தது.

"அக்காவுக்கு என்ன சொல்லிப்போட்டு வந்தனி?"

"வயர் வாங்கப் போறம் எண்டு சொன்னனான்."

தலையாட்டினீர்கள். "அவனா இருந்தா, அவளுக்கு நான்தான் சொல்லுவன். நீ வாய் திறக்கப்படாது."

கரையில் இரண்டு பொலிஸ்காரர்களும் கொஞ்ச மீனவர்களும் நின்றார்கள். ஒரு தார்ப்பாய்ப் படங்கினால் மூடியிருந்தார்கள். முகத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். நீங்கள் முகத்துக்குப் போகவில்லை. கால்மாட்டில் முழந்தாளிட்டு, படங்கைக் கொஞ்சம் விலக்கினீர்கள். மோட்டச்சைக்கிள் பழகிய நாளில் யூட்டின் வலது கெண்டைக்காலைச் சைலன்சர் சுட்ட தழும்பு எனக்கும் தெரியும். அந்தக் கால் முழுக்க மணல். உள்ளங்கையால் துடைத்தீர்கள். திரும்பவும் துடைத்தீர்கள். பிறகு மற்றக் காலையும் துடைத்துப் பார்த்தீர்கள்.

"இல்லை" என்றீர்கள். "இவன் இல்லை."

எனக்குள் ஒரு சந்தோசம் குபீரென்று எழும்பியது. அந்த இடத்தில், அந்தப் பிள்ளைக்கு முன்னால் அப்படி எழும்பியது எனக்கே பயமாக இருந்தது. போவோம் அத்தான் என்றேன். நீங்கள் எழும்பவில்லை. படங்கை இழுத்து ஒழுங்காக மூடிவிட்டு, பக்கத்தில் மணலிலேயே இருந்தீர்கள்.

"இவனுக்கு ஆக்கள் வரட்டும்."

மத்தியானம் தாண்டித்தான் அவர் வந்தார், மூதூரிலிருந்து. உங்கள் வயதுதான் இருக்கும், தொப்பி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மகன் கடற்றொழிலுக்குப் போன படகு புரண்டுவிட்டதாம். இடுப்பில் கட்டியிருந்த பெல்ற்றைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. சத்தம் போட்டு அழவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு உங்களைப் பார்த்து, "நீங்க ஆரு?" என்று கேட்டார்.

"என்ர மகனைத் தேடி வந்தனான்."

"ஒங்கட மகன் கெடச்சிட்டாரா?"

"இல்லை."

அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல சேதி தருவான்" என்றார். தன் பிள்ளை பக்கத்தில் கிடக்க, அந்த மனிதர் உங்களுக்கு ஆறுதல் சொன்னார். திரும்பி வரும்போது என் முதுகில் உங்கள் நெற்றி பட்டுக்கொண்டே வந்தது. நீங்கள் அழுகிறீர்கள் என்று தெரிந்து, வேகத்தைக் குறைத்தேன்.

வீட்டு வாசலில் அக்கா நின்றா. உங்கள் காற்சட்டை முழங்காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தா. வயர் எங்கே என்று கேட்கவில்லை.

"எந்தக் கரை?" என்றா.

"திரியாய். அவன் இல்லை. முழுக்கப் பாத்திட்டன், அவன் இல்லை."

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் இருந்துவிட்டா. நீங்களும் பக்கத்தில் இருந்து, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னீர்கள். மூதூர் மனிதர் சொன்னதைச் சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. அடுத்தநாள் பூசை முடிந்து வந்தவுடன் அக்கா கராஜுக்குள் வந்தா. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் என்ன செய்யவேணும், சொல்லுங்கோ" என்றா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஒரு தாள் உப்புக்கடதாசியை எடுத்து நீட்டினேன்.

பெற்றோல் ராங்கியின் பழைய பெயின்ற்றை அக்காதான் முழுக்க உரஞ்சினா, தின்னரால் துடைத்துத் துடைத்து. அந்த மணம் சாப்பாட்டிலும் தலையணையிலும் இருந்தது. தகரம் பளபளவென்று வந்த பிறகு நீங்கள் எந்த நிறம் அடிப்போம் என்று கேட்டீர்கள். "நிறம் அவன் வந்து அடிக்கட்டும்" என்றா. நீங்கள் மறுக்கவில்லை.

நத்தாருக்குக் கிட்ட ஒரு பின்னேரம். சைலன்சரைத் தூக்கிப் பிடித்தபடி நான் நிற்க, நீங்கள் அடியில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தீர்கள். ஃபோன் அடித்தது. நம் நாட்டு இலக்கமில்லை. நீங்கள் பாய்ந்து எழும்பி விரலால் இழுத்தீர்கள், அது எடுபடவில்லை. கையெல்லாம் கிறீஸ். சட்டையில் துடைத்துவிட்டு இழுத்தீர்கள், சட்டையும் கிறீஸ். சமைத்துக்கொண்டிருந்த அக்கா குசினியிலிருந்து ஓடி வரும்போது மணி நின்றுவிட்டது.

அக்கா ஃபோனை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, திருப்பி எடுத்துப் பார்த்தா, அந்த இலக்கத்துக்குப் போகவில்லை. ஃபோனைத் தன் இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்துக்கொண்டா. நீங்கள் கைகளை உடம்பில் படாமல் தூரப் பிடித்தபடி நின்றீர்கள். சைலன்சரைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

அது திரும்ப அடித்தது. அக்கா எடுத்தா.

"அம்மா" என்ற குரல் எங்கள் மூவருக்கும் கேட்டது. நடுக்கடலில் எஞ்சின் நின்று, ஒரு கப்பல் ஏற்றி, ஏதோ ஒரு தீவில் வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்புவார்கள். உயிரோடு இருக்கிறேன் என்றான். அக்கா அழுததில் பாதி விளங்கவில்லை. பிறகு ஃபோனை உங்கள் காதோடு பிடித்தா. நீங்கள் என்னவெல்லாமோ சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"யூட், உன்ர பைக்கை முழுக்க வெட்டிப்போட்டன்ரா" என்றீர்கள்.

அவன் வந்து சேர மாதங்கள் எடுத்தன. கள்ளப் படகில் போனதற்காக விமான நிலையத்தில் பிடித்து, நீதிமன்றத்தில் நிறுத்தி, பிணையில் விட்டார்கள். மெலிந்து, கறுத்து வந்தவன் நேரே கராஜுக்குள் போனான். சீற்றைத் தடவினான். பிறகு தலையைச் சரித்து, "அப்பா, ஹான்டிலை மற்றப் பக்கமாப் போட்டிருக்கிறியள்" என்றான்.

"படத்தில அப்பிடித்தான் இருந்தது. உன்ர மாமாவைக் கேள்!"

"மாமாவுக்குப் பைக்கைப் பற்றி என்ன தெரியும்?"

நீங்கள் இருவரும் சண்டை பிடிக்கத் தொடங்கினீர்கள். குசினிக்குள் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவ சிரித்து எவ்வளவு காலம். ராங்கிக்கு அவன் கடும்பச்சை அடித்தான். வெளியில் எடுத்த முதல் நாளில் அவனுக்குப் பின்னால் ஏறி இருந்தது நீங்கள்தான், அந்தத் தட்டைச் சீற்றில், ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு உங்களுக்கு அதிக காலம் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. யூட் உங்கள் தலைமாட்டில் நின்றான் என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு பிள்ளை, கலியாணம் முடித்து ஒரு வருடமுமில்லை, புருசன் போன படகு காற்றில் அகப்பட்டு இரண்டு நாளாகத் தகவல் இல்லை. வீடு நிறையச் சனம். "ஒண்டும் நடக்காது பிள்ளை, யோசிக்காதை" என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருவர் சொன்னதையும் கேட்கவில்லை, ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வேறொரு மீன்பிடித் துறையில் கரையேறியிருக்கிறான் என்ற செய்தி அடுத்தநாள்தான் வந்தது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. முன்பென்றால் வாசலோடு திரும்பியிருப்பேன்.

"பிள்ளை, வீட்டில என்ன வேலை கிடக்குது?" என்று கேட்டேன்.

அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு, அறைக் கதவு மழைக்கு ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் இருக்கிறது, அவர் வந்து சீவித் தருவதாகச் சொன்னவர் என்றாள். நான் போய்ச் சீவுளியை எடுத்துவந்தேன். ஒன்றும் நடக்காது என்று நான் ஒருமுறையும் சொல்லவில்லை, அத்தான். நீங்களும் அந்த மாரியில் ஒருமுறையும் சொன்னதில்லை. ஃபோனை யன்னல் விளிம்பில் தெரியும்படி வைத்துவிட்டு, கதவைக் கழற்றிச் சரித்தோம். ஒரு முனையை அவள் பிடித்தாள். நான் சீவத் தொடங்கினேன்.